பாலும் நெய்யும் வேண்டாத எளிய சமையல்
(சங்க ஆண்டு விழா மாதர் அரங்கில் ஆற்றிய உரை)



சமையலைப் பற்றிப் பேச வருவோர் சமையலில் பேரார்வம் உடையவராக இருப்பது வழக்கம். நான் பேச எடுத்துக்கொண்டதோ அடுப்படியில் நிற்கவே விரும்பாதவர்களுக்கான சமையல். அத்தகையோர் இந்த எஃகு நகரத்துத் தமிழர்களிடையே மிகுதி. இரவு பத்து மணிக்கு ஆலை வேலை முடிந்து அறைக்குத் திரும்பும் இளைஞர்கள் இருக்கின்றனர். கணவனும் மனைவியும் ஒருசேர அலுவலுக்குச் செல்லும் இல்லங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் அயலூர் சென்றபின் தனித்து வாழும் முதியோரும் உளர்.

இவர்களுள் பால், நெய், முட்டை, தேன் ஆகியவற்றையும் நீக்கி உண்ண விரும்புவோர் சிலர். மேலைநாட்டார் இதனை 'வீகன்' உணவு என்பர். 1944-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சனும் நண்பர்களும் அமைத்த கழகத்தோடு பிறந்த சொல் அது. தமிழில் 'நனிசைவம்' என்று இப்போது எழுதுகின்றனர். ஒருவர் உயிரிரக்கத்தால் மேற்கொள்வார். மற்றொருவருக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிப்பதில்லை. காரணம் எதுவாயினும் ஆகுக. இவ்வுணவுக்குப் பொழுதும் பொருளும் பெரிதும் வேண்டும் என்று அஞ்சுகிறார்களே, அந்த அச்சத்திற்குத்தான் இடமில்லை என்கிறேன்.

ஊருக்குச் சென்று திரும்பும் குடும்பத்தாரின் பெட்டியைத் திறந்து பாருங்கள். பருப்புப்பொடி, எள்ளுப்பொடி, புளிக்காய்ச்சல், வடகம், நார்த்தங்காய் ஊறுகாய் இவையெல்லாம் இருக்கும். ஒன்றிலேனும் பால் உண்டா? நம் பாட்டிமார் 'நனிசைவம்' என்ற சொல்லை அறியார். ஆயினும் ஒருநாள் உழைத்து ஒருமாதம் உண்ணும் வழியை நன்கு அறிந்திருந்தனர். ஒரு கோப்பைத் துவரம்பருப்பைச் சிவக்க வறுத்து, கால் கோப்பைப் பொட்டுக்கடலை, ஆறு மிளகாய் வற்றல், சிறிது மிளகு, பெருங்காயம், உப்பு சேர்த்துப் பொடித்து வைத்துக்கொள்ளுங்கள். சுடுசோற்றில் இப்பொடியும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் இட்டுப் பிசைந்தால் நெய்யின் நினைவு வாராது. ஒரு வெள்ளரிக்காயை நறுக்கி அருகில் வைத்தால் உணவு நிறைவாகிவிடும்.

நாம் வந்து வாழும் இம்மண்ணிலும் இதற்கு ஒரு துணை உண்டு. பீகாரிலும் ஜார்க்கண்டிலும் உழைப்பாளரின் உணவாகிய சத்தூவைத்தான் சொல்கிறேன். வறுத்த கடலையை அரைத்த மாவு அது. பெயரிலேயே சத்து இருக்கிறது! ஒரு குவளைத் தண்ணீரில் நான்கு கரண்டி மாவைக் கரைத்து, உப்பு, வறுத்த சீரகப்பொடி, எலுமிச்சைச் சாறு, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சைமிளகாய் சேர்த்தால் காலை உணவு ஆயிற்று. அடுப்பு மூட்டவும் வேண்டுவதில்லை. கத்தரிக்காயைச் சுட்டு, பூண்டும் கடுகெண்ணெயும் சேர்த்துப் பிசையும் இவ்வூர்ச் சோக்கா, நம் சுட்ட கத்தரிக்காய்த் துவையலுக்கு உடன்பிறப்பு. முப்பது ஆண்டுகள் இங்கே வாழ்ந்தும் அதனைச் சுவைத்தறியாத தமிழ்க் குடும்பங்கள் உள்ளன என்பது எனக்கு வியப்பே.

அடுப்பு மூட்டியே ஆகவேண்டும் எனில் குக்கர் இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் 100 பாகையில் கொதிக்கும் நீர், குக்கருக்குள் அழுத்தத்தினால் ஏறத்தாழ 120 பாகை வரை சூடேறுகிறது. ஆதலால் பருப்பு விரைவில் வேகிறது. ஒரு கோப்பை அரிசி, அரைக் கோப்பைப் பாசிப்பருப்பு, ஒரு தக்காளி, மஞ்சள்தூள், உப்பு, நான்கரைக் கோப்பைத் தண்ணீர், நான்கு விசில். பிறகு எண்ணெயில் கடுகும் மிளகும் சீரகமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுங்கள். கைவேலை பத்து நிமிடத்திற்கு மேல் இராது.

இவ்வூரார் விரும்பும் ராஜ்மா குறித்து மட்டும் ஓர் எச்சரிக்கை. அதனை இரவு முழுதும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில், விரலால் நசுக்கினால் மாவாகும் வரை வேகவைக்கவேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா கடும் வாந்தியை உண்டாக்கும். இங்கே அவசரம் உதவாது.

பெரியோர் சிலர் அம்மியில் அரைத்த துவையலின் சுவையை எண்ணிப் பெருமூச்சு விடுவர். அச்சுவை உண்மையே. ஆனால் அந்த அம்மியின் முன் நாள்தோறும் அமர்ந்தவர் யார்? பெருமூச்சு விடுகிறவர் அல்லர். வேலைக்கும் சென்று, வீடு திரும்பியதும் கைப்பையைக் கூடக் கழற்றாமல் அடுப்பின் முன் நிற்கும் மருமகளிடம், குழம்பு, கூட்டு, பொரியல், ரசம் நான்கும் வேண்டும் என்று கேட்பது முறையா? ஒரே பாத்திரத்தில் ஆன சோற்றை அன்பில்லாச் சோறு என்று ஏசுவோரை நான் ஒப்புவதில்லை.

மோருக்கு ஈடு உண்டா என்று கேட்பீர்கள். நிலக்கடலையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலையும் தயிராக உறையவைக்கலாம். ஆனால் சமையலறையை விரும்பாதவருக்கு அது ஏற்ற வேலை அன்று, சுவையும் வேறு. ரசத்தோடு உணவை முடித்துக்கொள்வதே மேல். காப்பிப் பிரியர்களுக்கு என்னால் ஆறுதல் கூற இயலாது. சுக்குக் காப்பி இருக்கிறது, அவ்வளவே.

சத்துக் குறையுமே என்ற கவலையைப் பாதி ஏற்கலாம். சுண்ணாம்புச் சத்து பற்றி அஞ்சவேண்டா. 100 கிராம் பசும்பாலில் அது சுமார் 120 மில்லிகிராம். அதே எடை கேழ்வரகு மாவில் 300 மில்லிகிராமுக்கு மேல். ஆனால் பி-12 என்னும் வைட்டமின் தாவர உணவில் நம்பத்தக்க அளவில் கிடைப்பதில்லை. அது நெடுநாள் குறைந்தால் குருதிச் சோகையும் நரம்புத் தளர்ச்சியும் வரும். பாலை அறவே விட்டவர் மருத்துவரைக் கேட்டு அதற்கான மாத்திரையைத் தவறாது உட்கொள்ளவேண்டும். கருவுற்றோரும் குழந்தைகளும் மருத்துவரின் அறிவுரையின்றி இம்முறையில் இறங்கலாகாது.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வரும் பொங்கல் விருந்தில் ஒரு பந்திக்கேனும் பாசிப்பருப்பும் வெல்லமும் தேங்காய்ப்பாலும் கூடிய பாயசம் வைக்கலாம். பால் உண்ணாத நம் உறுப்பினரும் இலையை மூடாமல் அமர்ந்திருப்பர். அதனைக் கிண்டும் பொறுப்பை இம்முறை ஆடவர் ஏற்கவேண்டும். பெயர் தர விரும்புவோருக்காக ஓர் ஏடு நூலக மேசைமேல் இருக்கிறது. இதுவரை அதில் இரண்டு பெயர்களே உள்ளன. இரண்டும் பெண்கள் பெயர்.