மகிஸ்தர் என்னும் சொல்

மனிதர்களைப் போலவே சொற்களுக்கும் வமிசாவளி உண்டு. இலத்தீன் மொழியின் 'மகிஸ்தர்' என்னும் சொல்லின் வழித்தோன்றல்களை இன்று நேயர்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறேன்.

இலத்தீனில் 'மகிஸ்' என்றால் 'மிகுதியாக' என்று பொருள். அதனின்று பிறந்த மகிஸ்தர், பிறரினும் மிக்கவன், தலைவன், ஆசான். 'குறைவாக' எனப் பொருள்படும் 'மினுஸ்' என்பதனின்று தோன்றிய 'மினிஸ்தர்' என்பவனோ ஏவலன். அந்த ஏவலன் அரசர்க்குப் பணிபுரிந்து, காலப்போக்கில் அமைச்சனாக உயர்ந்துவிட்டான். மிக்கவன் பள்ளிக்கூடத்திலேயே தங்கிவிட்டான்!

இத்தாலியில் இடையிலிருந்த ககரம் தேய்ந்து, மகிஸ்தர் 'மாயெஸ்த்ரோ' ஆயிற்று. தொடக்கப்பள்ளி ஆசிரியரையும் இசை வல்லுநரையும் இப்பெயரால் அழைப்பர். ஸ்பெயினிலும் அச்சொல் ஆசிரியரைக் குறிக்கும். பிரெஞ்சில் சகர ஒலியும் மறைந்து 'மேத்ர்' என நின்றது. மறைந்த எழுத்தின் நினைவாக உயிரெழுத்தின் தலைமேல் ஒரு கூரைக்குறி இடுவது அவர்கள் மரபு. அந்நாட்டில் வழக்கறிஞரையும் 'மேத்ர்' என்றே விளிப்பர். ஜெர்மானியரின் 'மைஸ்டர்' தொழில் பயின்று, தேர்வில் தேறிய கைவினைஞர். ஆங்கிலத்தில் அது 'மாஸ்டர்' ஆயிற்று. பின்னர் அதுவும் மெலிந்து, எவர் பெயர்க்கும் முன்னிற்கும் 'மிஸ்டர்' ஆயிற்று.

போர்த்துக்கீசியர் 'மெஸ்த்ரெ' என்றனர். 1498-ஆம் ஆண்டில் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தபின், அவர்தம் கப்பல்களோடு இச்சொல்லும் நம் கடற்கரைகளில் இறங்கியது. கட்டடம் எழுப்பும் நம் மேஸ்திரியின் பெயர் அதுவே. பின்னர் ஆங்கிலேயரோடு மாஸ்டரும் வந்து சேர்ந்தார். பல்லாண்டுகள் என்னை 'ஹெட்மாஸ்டர்' என்று அழைத்தவர்கள், என்னையும் மேஸ்திரியையும் ஒரே குடும்பத்தில் சேர்த்தே அழைத்தார்கள்.

இவ்வுறவை நாம் மறந்துவிட்டோம். சுண்ணக்கட்டி பிடித்த கை உயர்ந்தது, கரணை பிடித்த கை தாழ்ந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லாமலே கற்பித்துவிடுகிறோம். மேஸ்திரியின் சுவர் கோணினால் தூக்குக்குண்டு அன்றே காட்டிக்கொடுக்கும். ஆசிரியர் கற்பித்ததில் உள்ள கோணல் வெளிப்பட இருபது ஆண்டுகள் ஆகலாம். ஆதலால் ஆசிரியர்க்கு 'மிகுதி' என ஒன்று உண்டாயின், அது பொறுப்பின் மிகுதியே; மதிப்பில் இருவரும் உடன்பிறந்தாரே.