ஒரு வாசலுக்கு இரண்டு காவலர்



பள்ளியின் கணினி அறையை எண்ணிப் பாருங்கள். அங்கே முப்பது கணினிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அத்தனையும் வெளியுலகத்தோடு பேசுவது ரூட்டர் என்னும் ஒரே பெட்டியின் வழியாகத்தான். அதுவே அறையின் வாசல். மேற்படிப்புக்கு விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள். நம் பிள்ளை பாதி எழுதியிருக்கிறது. அந்நேரம் பெட்டி பழுதாகிவிட்டால்? கணினிகள் நன்றாக இருந்தும் பயனில்லை.

"இரண்டு ரூட்டர் வாங்கி வைத்தால் போயிற்று" என்பீர்கள். வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு கணினியும் வாசலுக்கென்று ஒரே ஒரு முகவரியைத்தான் குறித்து வைத்திருக்கும். முதல் பெட்டி நின்ற பிறகும் அந்த முகவரியையே தட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் இன்னொரு பெட்டி சும்மா நிற்பது அதற்குத் தெரியாது.

நம் ஆயாக் கொட்டகையில் என்ன வழக்கம்? "பிள்ளையை ஆயாவிடம் விட்டு வா" என்போம். ஆயாவுக்குக் காய்ச்சல் என்றால் அன்று வேறொருவர் பார்த்துக்கொள்வார். அவரும் ஆயாதான், கொட்டகையும் அதேதான். அந்தப் பெயர் ஆளுக்கு உரியதல்ல, பொறுப்புக்கு உரியது.

பொறியாளர்களும் இதையே செய்தார்கள். வாசல் முகவரியைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கற்பனை ரூட்டருக்குக் கொடுத்தார்கள். அதன் வேலையை இரண்டு பெட்டிகளில் ஒன்று பார்க்கும். இதற்கான பொது விதிமுறை 1998-இல் வெளிவந்தது, வி.ஆர்.ஆர்.பி. என்பது அதன் பெயர். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு. நாம் எதுவும் குறிக்காவிட்டால் 100. எண் பெரியது தலைமை ஏற்கும். அது விநாடிக்கு ஒரு முறை, "நான் இருக்கிறேன்" என்று குரல் கொடுக்கும். துணைப்பெட்டி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும். மூன்று விநாடிக்கு மேல் சத்தமில்லையென்றால், நான்காவது விநாடி முடிவதற்குள் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டு, "அந்த முகவரி இனி இந்தப் பக்கம்" என்று அறிவித்துவிடும். கணினிகளில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. பிள்ளை ஒரு கணம் தடங்கலைக் காணலாம், அவ்வளவுதான்.

ஆனால் இரண்டு பெட்டிகளையும் ஒரே மின்கம்பியில் மாட்டி, வெளியே போகும் இணைப்பையும் ஒன்றாகவே வைத்திருப்பவர்கள் உண்டு. மின்சாரம் போனால் இரண்டும் சேர்ந்தே படுத்துவிடும். இரண்டாவது பெட்டிக்குக் கொடுத்த காசு வீண்.

இன்னொரு கோளாறும் உண்டு. இரண்டு பெட்டிகளும் நலமாக இருந்து, நடுவிலுள்ள இணைப்பு மட்டும் அறுந்தால், ஒன்றின் குரல் மற்றதற்கு எட்டாது. அப்போது இரண்டுமே "நான்தான் ஆயா" என்று வாசலில் நிற்கும்.