லொறிச் சாரதியின் வானொலி

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் லொறி செலுத்துவோர் 'சீ.பீ.' என்னும் சிறு வானொலியில் ஒருவரோடொருவர் உரையாடுவர். 1958இல் 27 மெகாஹேட்ஸ் பகுதியில் பொதுமக்களுக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசை இது. 19ஆம் அலைவழியே பெரும்பாலும் அவர்களது சந்திப்பிடம். மூடுபனியில் 'முன்னே விபத்து' என்னும் குரல் கேளாதுபோயின், பின்னே வருவோரின் உயிருக்கே ஆபத்து.

குரல் தெளியாவிடின் பலரும் கருவியையே குறைகூறுவர். அதன் வலுவோ 4 உவாற்று மாத்திரமே. ஏரியலிற் சிறு பழுது நேரினும் பேச்சுத் தேய்ந்துவிடும். 11 மீற்றர் அலைக்குக் காற்பங்கு, ஏறத்தாழ 2.75 மீற்றர், நீளமான கம்பி வேண்டும். குட்டையான கம்பிக்குச் சுருள் சேர்ப்பர். ஏரியலின் மறுபாதியாய் நிற்பது வண்டியின் உலோக உடலே. தாங்கியின் அடியிற் பூச்சோ துருவோ இருப்பின் அத்தொடர்பு அறும். முதலிற் பார்க்க வேண்டியது இதுவே. சுரண்டித் துடைக்கக் காசும் வேண்டியதில்லை!

அடுத்து, நிலையலை விகிதம் காட்டும் மானியை இணையுங்கள். 40ஆம் அலைவழியிலும் 1ஆவதிற் கூடுதலாகக் காட்டின் ஏரியல் குட்டை; மாறாயின் நெடிது. 3க்கு மேற் காட்டுகையிற் பேசினால் கருவியே கெடக்கூடும்.

இயந்திர வேகத்தோடு இரைச்சலும் ஏறுகின்றதா? ஏரியல் வடத்தைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அது ஏரியல் வழி வந்தது. நில்லாவிடின் மின்கம்பி வழி வந்தது. பின்னதாயின், கருவியின் மின்கம்பிகள் இரண்டையும் நேரே பற்றரியுடன் இணைத்துப் பாருங்கள்.