மீண்டும் தோளில் ஏறிய தப்பு



பல காலம் கைவிட்டிருந்த ஒரு வித்தையை மீண்டும் தொடப் போகிறவனுக்கு முதலில் தெரியவருவது, தன் கருவி பழசாகிவிட்டது என்பதுதான். தானும் பழசாகிவிட்ட செய்தி அவனுக்குச் சற்றுப் பிந்தித்தான் எட்டுகிறது. இந்த இரண்டையும் நான் ஸ்பிரிங்வெளியில், ஒரு மாசி மாதத்தில் அறிந்துகொண்டேன்.

ஸ்பிரிங்வெளி பதுளைக்குப் பக்கத்தில், நமுனுகுல மலைச்சாரலில் இருக்கிறது. நான் பிறந்தது அங்கேயுள்ள ஒரு லயத்தில். என் பெரியப்பா தப்பு அடிப்பவர். அந்தக் காலத்தில் விடிவதற்கு முன்னே பெரட்டுக்கு ஆள் கூப்பிடத் தப்புத்தான் முழங்கும். கோயில் திருவிழாவுக்கும் அதே தப்பு. சாவு வீட்டுக்கும் அதே தப்பு. சி. வி. வேலுப்பிள்ளை 1954இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தேயிலைத் தோட்டக் கவிதை தப்பின் அதிர்வோடுதான் தொடங்குகிறது. அதைச் சக்தீ பால ஐயா பின்னர் தமிழுக்குக் கொண்டுவந்தார். எங்கள் மக்களின் வாழ்க்கையை எழுத வந்த கவிஞருக்கு முதலில் கேட்டது அந்த ஓசை. ஆனால் அதை அடித்தவர்களை எவரும் பெரிதாக மதித்ததில்லை. தப்பு என்ற சொல்லுக்குப் பிழை என்றும் பொருள் உண்டல்லவா? பள்ளிக்கூடத்தில் என்னைக் கேலி செய்த பிள்ளைகள் இந்த இரண்டு பொருளையும் சேர்த்தே சொன்னார்கள்.

பன்னிரண்டு வயதில் பெரியப்பாவின் பக்கத்தில் நின்று காமன் கூத்துக்குத் தப்படித்தவன் நான். பதினாறு வயதில் அதைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பெரியப்பா ஒரு வார்த்தையும் பேசவில்லை. என் தப்பை வாங்கி, அடுப்புக்கு மேலே பரணில் வைத்தார். நான் கொழும்புக்கு வேலைக்குப் போனேன். நாற்பது வருடங்கள் போயின. பெரியப்பாவும் போய்விட்டார். அவருடைய சாவுக்குத் தப்படித்தவர்கள் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கூலிக்கு வந்தவர்கள். நான் வெள்ளைச் சட்டையோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். இதை இன்று மறைப்பதில் எனக்கு விருப்பமில்லை.

காமன் கூத்தை அறியாத நேயர்களுக்கு ஒரு சில வார்த்தைகள். மாசி மாதத்து அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் கம்பம் நடுவார்கள். ஆடுபவர்கள் விரதம் இருப்பார்கள். ரதியாக வேடம் கட்டுவதும் ஆண்பிள்ளைதான். ரதிக்கும் மன்மதனுக்கும் கல்யாணம் நடக்கும். சிவனுடைய தவத்தைக் கலைக்க மன்மதன் போவான். தூதன், எமன், வீரபத்திரன் என்று ஒவ்வொருவராக வருவார்கள். கடைசியில் நெற்றிக்கண் திறந்து காமன் எரிவான். பிறகு ரதியின் ஒப்பாரி. அதன் பிறகு காமனை உயிர்ப்பித்தல். திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கமிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்த சனங்கள், மூட்டையோடு சேர்த்துக் கொண்டுவந்த கூத்து இது. கோப்பி அழிந்து தேயிலை வந்தது; 1924இல் பதுளைக்கு ரயில் வந்தது; கூத்து மாத்திரம் அப்படியே இருந்தது. ஆனால் 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அதற்கும் ஓர் அடி கொடுத்தது. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு என்று அன்று காகிதத்தில் எழுதினார்கள். கப்பலேறியவர்களில் கூத்து வாத்தியார்களும் இருந்தார்கள், தப்படித்தவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய கையில் இருந்த அடிகளை எந்த அலுவலகமும் கணக்கெடுக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு நான் ஊருக்குப் போனது ஒரு கல்யாணத்துக்காக. அங்கே அண்ணன் மகன் சொன்னான்: "சித்தப்பா, இந்த வருசம் காமன் போடப் போறோம். நாலு தப்புக்கு மூணு பேருதான் இருக்கோம்." அவன் என்னைக் கேட்கவில்லை, வெறுமனே சொன்னான். அன்றிரவு நான் பரணில் ஏறினேன்.

தப்பு அங்கேயே இருந்தது. புகை படிந்து கன்னங்கரேலென்று ஆகியிருந்தது. தப்பின் சட்டம் மூன்று வளைந்த மரத்துண்டுகளை இணைத்துச் செய்வது. அதில் ஒரு துண்டை வண்டு அரித்துவிட்டது. புளியங்கொட்டைப் பசை போட்டு ஒட்டிய தோல் ஓரத்தில் கழன்று, நடுவில் வெடித்திருந்தது. அடிக்குச்சி மாத்திரம் நல்லபடி இருந்தது. இடது கைக்கான நீண்ட மூங்கில் சிண்டுக்குச்சியைக் காணவே இல்லை.

மறுநாள் அண்ணன் மகன் தன்னுடைய தப்பைக் கொண்டுவந்து காட்டினான். இரும்பு வளையம், அதன்மேல் தோலுக்குப் பதிலாகக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகடு. அவர்கள் அதைப் பைபர் தப்பு என்கிறார்கள். சுற்றிவரத் திருகாணிகள்.

"இதுக்கு நெருப்பு காட்டத் தேவையில்ல சித்தப்பா. மழையில நனைஞ்சாலும் ஒண்ணும் ஆகாது."

எனக்குச் சுருக்கென்றது. தப்பைக் காய்ச்சுவது எங்களுக்கு ஒரு சடங்கு. வைக்கோலைக் கொளுத்தி, தோலை அந்த அனலில் பிடித்து, விரலால் தட்டித் தட்டிப் பார்ப்பார் பெரியப்பா. தோல் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் பொருள். ஈரம் ஏறினால் தொய்ந்துவிடும். அனல் பட்டால் ஈரம் விலகி இறுகும். நமுனுகுலவிலிருந்து பனிமூட்டம் இறங்கும் இரவுகளில் அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது காய்ச்ச வேண்டும். பிளாஸ்டிக் தகட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. மேல்நாட்டிலும் 1950களின் பிற்பகுதியில் பொலியெஸ்டர் தகடு சந்தைக்கு வந்ததும், பறைகளில் தோலின் இடத்தை அது வெகுவாகப் பிடித்துக்கொண்டது. ஆகவே இது ஸ்பிரிங்வெளிப் பையன்கள் கண்டுபிடித்த குற்றமல்ல.

பனிமலை நாடுகளில் குடியேறிய நம்மவர்களின் பிள்ளைகள் சறுக்குப் பலகை கட்டிப் பனியில் விளையாடுகிறார்கள். அந்த விளையாட்டிலும் இதே கதைதான். 1990களில் பலகையின் உருவமே மாறிவிட்டது. முன்பு ஆளைவிட உயரமான, நேரான பலகை. இப்போது குட்டையாக, இடை சிறுத்து, முனை அகன்ற பலகை. பக்கவாட்டில் சாய்ந்தால் தானாகவே வளைந்து திரும்பும். பல வருடம் விட்டுவிட்டுத் திரும்பி வருகிறவர் பழைய பலகையையே தேடினால், ஆபத்து அவருக்குத்தான். பழைய பிளாஸ்டிக் சப்பாத்து வெளியே நன்றாகத் தெரியும். கட்டிச் சறுக்கும்போது வெடித்துப் போகும். புதிய பலகையை வாங்கினால் கால் பழைய பழக்கத்தை விடவேண்டும்.

என் கையும் பழைய பழக்கத்தை விடவேண்டியிருந்தது. தோலில் விழுந்த குச்சி சற்றுத் தங்கி எழும்பும். பைபரில் விழுந்த குச்சி உடனே துள்ளி மேலே வருகிறது. தோலுக்குக் கொடுக்கும் பலத்தில் பாதி போதும். மீதியைக் கொடுத்தால் காது கிழியும். முதல் நாள் பத்து நிமிடத்தில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. அடித்துக்கொண்டே ஆடும்போது மூச்சு வாங்கியது. பையன்கள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு வேதனையாக இருந்தது.

மூன்றாம் நாள் நான் கேட்டேன், "தோல் தப்பு ஒன்றாவது வைத்துக்கொள்ளக் கூடாதா?"

அவன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான்: "தோல தூக்கிட்டுப் போனா சாவுக்கு வாங்கடான்னு கூப்பிடுறாங்க சித்தப்பா. இத தூக்கிட்டுப் போனா பேண்ட் செட்டுன்னு நெனைக்கிறாங்க. நான் சாமிக்கும் கூத்துக்கும் மட்டுந்தான் அடிப்பேன். நீங்க வேணாம்னு போனீங்க. நான் போகாம இருக்கணும்னா எனக்கு இது வேணும்."

நேயர்களே, இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. நான் அவமானத்துக்குப் பயந்து கலையையே விட்டேன். அவன் கருவியை மாற்றிக் கலையை வைத்துக்கொண்டான். நாங்கள் இருவரும் ஓடியது ஒரே பேச்சிலிருந்துதான். ஆனால் அவன் ஓடும்போது தப்பையும் தோளில் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறான். தோலின் அருமையைப் பற்றி அவனுக்குப் பாடம் நடத்த எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

இருந்தாலும் ஒரு விடயத்தில் நான் அவர்களுக்குப் பயன்பட்டேன். எமன் வரும் கட்டத்துக்கு அவர்கள் அடித்த அடி சினிமாப் பாட்டின் தாளமாக இருந்தது. பெரியப்பாவின் அடி அதுவல்ல. எனக்கு அது ஞாபகத்தில் இருக்கிறதென்று எனக்கே தெரியாது. குச்சியைக் கையில் எடுத்து, வாயால் சொல்லிப் பார்த்தபோது முதல் பாதி வந்தது. மறுபாதி அன்றிரவு நித்திரையில் வந்தது. விடியற்காலையில் எழும்பி அவனை எழுப்பினேன். திண்ணைப் பலகையில் விரலால் தட்டியே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். அதற்குத் தோலும் தேவைப்படவில்லை, பைபரும் தேவைப்படவில்லை.

பழைய சட்டத்தில் வண்டு தின்ற துண்டை மாற்றி, பதுளையில் வாங்கிய ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி ஒட்டினோம். காமன் எரியும் இரவு பனியோடு தூறலும் சேர்ந்துகொண்டது. என் தப்பு கால் மணித்தியாலத்தில் ஈரச்சாக்கைப் போல ஆகிவிட்டது. அந்த மூன்று பைபர் தப்புகள்தான் கூத்தைத் தாங்கின. அவை இல்லாவிட்டால் அன்று கூத்து பாதியில் நின்றிருக்கும். நான் ஓரமாக நெருப்பண்டையில் என் தப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

காமன் எரிந்து ரதி ஒப்பாரி தொடங்கியதும் பைபர் தப்புகள் அடங்கின. அந்த ஒப்பாரிக்கு அவற்றின் குரல் கூர்மையாக இருந்தது. அடக்கி அடித்தும் குரல் அமுங்கிப்போயிற்று. அண்ணன் மகன் என் பக்கம் திரும்பி, "சித்தப்பா, காஞ்சிருச்சா?" என்று கேட்டான். காய்ந்திருந்தது. ஒப்பாரி முடியும்வரை நான் தனியே அடித்தேன். நான் என் பெரியப்பாவுக்கு அடிக்காமல் விட்ட அடி அது.

கருவி பழசாகும்; மாற்றித்தான் ஆகவேண்டும். மாற்றுகிற பிள்ளைகளைக் குறைசொல்வதில் எந்தப் பயனும் இல்லை. கடையில் வாங்க முடியாதது அடி ஒன்றுதான். அது வயதானவர்களின் மணிக்கட்டில் கிடக்கிறது. உங்கள் தோட்டத்தில் பரணில் தப்பை வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கும் ஒரு பெரியவர் இருப்பாரானால், இந்த மாசிக்கு முன் அவரிடம் போய் உட்காருங்கள். குச்சியை நீங்கள் நீட்டவேண்டாம். அடி தெரியவில்லை என்று மாத்திரம் சொல்லுங்கள். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.