அண்டை வீட்டாராய் வாழ்தல்



முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியத் தொழிலில் இருந்தவன் நான். அந்த ஆண்டுகளில் மாணவர்க்குக் கற்பித்தவை பல. மாணவரிடமிருந்து கற்றவை சில. அச்சிலவற்றுள் ஒன்றை முதலில் சொல்லிவிட்டு, பிறகு கடல் கடந்து ஒரு மாநகருக்கு உங்களை அழைத்துச் செல்ல விழைகிறேன்.

நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியொன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் இருந்தான். தந்தையை இழந்தவன், கணக்கில் கெட்டிக்காரன். அவனுக்கு இருந்தது ஒரே சட்டை. அதுவும் தோளில் கிழிந்தது. ஆசிரியர்கள் நாங்கள் பணம் சேர்த்துப் புதுச்சட்டை இரண்டு தைத்தோம். அவற்றைக் குடியரசு நாள் விழாவில் எல்லோர் முன்னிலையிலும் கொடுப்பது என முடிவு செய்தவன் நானே. மற்றப் பிள்ளைகள் ஈகையைக் கற்றுக்கொள்வார்கள் என்பது என் எண்ணம். பெயர் சொல்லி அழைத்தேன், வந்தான், இரு கையாலும் வாங்கிக்கொண்டான், பள்ளி முழுவதும் கை தட்டியது. மறுநாள் அவன் வரவில்லை. ஒரு வாரம் கழித்து அவன் வீட்டிற்குச் சென்றேன். அவன் அன்னையார் சொன்னார்: “ஐயா, சட்டை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு போனால் எல்லாருக்கும் தெரியுமே என்கிறான்.”

அன்று எனக்கு ஓர் உண்மை உறைத்தது. வறுமை கொடியதுதான், ஆயினும், உதவி பெறுகிறவன் என்று பலர் முன் காட்டப்படுவது அதனினும் கொடியதாகி விடலாம். அப்படியானால், இல்லாதவனுக்கு இருப்பவன் எவ்வாறு உதவுவது? இந்த வினாவைத் தம் வாழ்நாள் முழுவதும் சுமந்து, அதற்கு ஒரு விடையையும் கட்டிக் காட்டிய இரு சகோதரியரின் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

இங்கிலாந்தின் தலைநகராகிய லண்டனின் கிழக்குப் பகுதியை ஈஸ்ட் எண்ட் என்பார்கள். கப்பல் துறைகளும் தொழிற்சாலைகளும் நெருங்கிய பகுதி அது. ஒரே அறையில் ஒரு குடும்பம் வாழ்ந்த தெருக்கள் அங்கே பல இருந்தன. அதில் ஒரு பேட்டையின் பெயர் ‘போ’ என்பது. 1888-ஆம் ஆண்டில் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்து உலகின் கவனத்தை ஈர்த்தது அங்கேதான். நம் மொழியில் ‘போ’ என்றால் விலகிச் செல் என்று பொருள். அந்தப் ‘போ’வில்தான், எவரையும் ‘வா’ என்று அழைத்த இல்லம் ஒன்று எழுந்தது.

அதனை எழுப்பியவர் மியூரியல் லெஸ்டர் என்னும் அம்மையாரும் அவர்தம் தங்கை டோரிஸும் ஆவர். மியூரியல் பிறந்தது 1883-ஆம் ஆண்டில். தந்தையார் கப்பல் கட்டும் தொழிலில் பெரும்பொருள் ஈட்டியவர்; பாப்டிஸ்ட் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த பக்தர். சிறுமியாக இருந்தபோது மியூரியல் முதல் வகுப்பு வண்டியில் அமர்ந்து லண்டனுக்குச் செல்வதுண்டு. வழியில், இருப்புப்பாதையை ஒட்டி, கரி படிந்த வீடுகளின் பின்புறங்கள் தெரியும். அங்கும் மனிதர் வாழ்கிறார்களா என்று உடன் வந்தவரைக் கேட்டாராம். ஆம், அவர்களுக்கு அது பழகிப்போயிற்று, நீ வருந்த வேண்டா என்னும் கருத்தில் விடை வந்ததாம். குழந்தை அவ்விடையை மறக்கவில்லை. வளர்ந்து இளம்பெண்ணான பிறகு, ‘போ’வில் தொழிற்சாலைப் பெண்கள் கூடும் கழகத்தின் விருந்தொன்றுக்குச் சென்றார். வண்டியின் கண்ணாடி வழியே கண்ட வீடுகளுக்குள் இருந்தவர்கள், தம்மைப் போலவே சிரிக்கவும் சிந்திக்கவும் வல்லவர்கள் என்று கண்டார். மீண்டும் மீண்டும் சென்றார். இறுதியில், சென்று வருவது போதாது என்று முடிவு செய்து, அக்காவும் தங்கையும் அங்கேயே குடியேறினர்.

இங்கே சற்று நிற்போம். வாரம் ஒருமுறை ஏழைத் தெருவிற்குச் சென்று உதவிவிட்டு, மாலையில் தம் மாளிகைக்குத் திரும்பிய நல்லவர்கள் அக்காலத்திலும் பலர் இருந்தனர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், குழாயில் நீர் வராத துன்பமும், பக்கத்து வீட்டுக் குழந்தை இரவெல்லாம் இருமும் ஒலியும், மாலையில் திரும்பிவிடுகிறவருக்குத் தெரிய வழியில்லை. அங்கே வாழ்கிறவருக்கே அவை தெரியும். ஆகவே லெஸ்டர் சகோதரியர் கண்ட முதல் விடை இதுதான்: உதவ விரும்புகிறவன் முதலில் அண்டை வீட்டானாதல் வேண்டும்.

அவர்களுக்குக் கிங்ஸ்லி என்று ஒரு தம்பி இருந்தார். அவர் 1914-ஆம் ஆண்டில் இளமையிலேயே காலமானார். அவர் விட்டுச் சென்ற பொருளும் தந்தையாரின் உதவியும் சேர, பயனின்றிக் கிடந்த பழைய தேவாலயம் ஒன்று 1915-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மக்கள் கூடும் இல்லமாயிற்று. தம்பியின் நினைவாக அதற்குக் கிங்ஸ்லி மன்றம் எனப் பெயரிட்டனர். பகல் முழுதும் உழைத்தவருக்கு மாலையில் போக்கிடம் மதுக்கடை ஒன்றே என்றிருந்த பேட்டையில், மது இல்லாத ஓர் உறவுக்கூடமாக அது விளங்கிற்று. அங்கே பாட்டு இருந்தது, படிப்பு இருந்தது, விளையாட்டும் விவாதமும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை வழிபாடும் இருந்தது. ஆனால், வகுப்பு, நிறம், சமயம் என்னும் வேலிகள் எவையும் அங்கே இருத்தலாகாது என்பது அம்மன்றத்தின் அடிப்படைக் கொள்கை. இறைநம்பிக்கையே அவ்விரு பெண்களையும் அத்தெருவிற்கு அழைத்து வந்தது. எனினும், அந்நம்பிக்கையை நுழைவுச்சீட்டாக அவர்கள் வாயிலில் எவரிடமும் கேட்கவில்லை.

மன்றம் தொடங்கிய காலம் முதல் உலகப்போர்க் காலம். பகைவரையும் வெறுக்கலாகாது என்று வெளிப்படையாகப் பேசிய லெஸ்டர் சகோதரியருக்கு ஏச்சும் எதிர்ப்பும் குறைவின்றிக் கிடைத்தன. அவர்கள் கதவைச் சாத்தவில்லை.

குழந்தைகளிடம் டோரிஸ் அம்மையாருக்கு ஈடுபாடு மிகுதி. 1923-ஆம் ஆண்டில் மன்றத்தின் கிளையாகக் ‘குழந்தைகள் இல்லம்’ என்னும் தனிக்கட்டடம் எழுந்தது. அதைத் திறந்து வைத்தவர் புகழ்பெற்ற எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ். தொழிற்சாலைக்கும் வீட்டு வேலைக்கும் செல்லும் தாய்மார், பிள்ளைகளைத் தெருவில் விட்டுச் செல்லாமல், நம்பி ஒப்படைக்க ஓர் இடம் கிடைத்தது. பிறகு 1927-ஆம் ஆண்டில் மன்றத்திற்கே புதிய கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. நாட்டியவர்களுள் நாவலாசிரியர் ஜான் கால்ஸ்வொர்தியும் ஒருவர். அடுத்த ஆண்டில் கட்டடம் நிறைவெய்தியது. கீழே பெரிய கூடம்; மாடியின் மேல்தளத்தில், அங்கேயே தங்கித் தொண்டு செய்வோருக்குச் சிறு சிறு அறைகள்.

தந்தையார் மறைந்தபின் மியூரியல் அம்மையாருக்கு உரிமைப் பொருள் வந்தது. அதை அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. கொடை என்று பெயரிட்டுக் கொடுக்கவும் இல்லை. உழைத்தவரிடமே அப்பொருள் திரும்பிச் செல்ல வேண்டும் என்று கருதி, ‘திருப்பித் தரும் நிதி’ என்ற பொருள்பட அதற்குப் பெயர் வைத்தார். அதனை எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்யும் பொறுப்பையும் அத்தெரு மக்களிடமே ஒப்படைத்தார். அவர்கள் தேர்ந்தெடுத்தது என்ன தெரியுமா? நோயுற்ற தாய்மாரின் வீடுகளுக்குச் சென்று அடுப்பையும் பிள்ளைகளையும் கவனித்துக்கொள்ளும் துணைப்பெண்கள் ஏற்பாடு. எந்த அறிஞருக்கு முதலில் தோன்றியிருக்கும் இந்தத் தேவை? தாய் படுத்துவிட்டால் வீடு என்னாகும் என்பதை அறிந்தவர்களுக்குத்தான் அது தோன்றும்.

மாணவர்களே, இவ்வில்லத்திற்கும் நம் நாட்டிற்கும் ஓர் உறவு உண்டு. 1926-ஆம் ஆண்டில் மியூரியல் அம்மையார் இந்தியாவிற்கு வந்து, சபர்மதி ஆசிரமத்தில் காந்தியடிகளோடு தங்கினார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின், இரண்டாம் வட்டமேசை மாநாட்டிற்காகக் காந்தியடிகள் லண்டனுக்குச் செல்ல நேர்ந்தது. நகரின் செல்வப் பகுதியில் அவர் தங்குவதற்கு வசதியான இடங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவர் ஏழைகளின் நடுவில் இருக்க விரும்பி, மியூரியல் அம்மையாரின் அழைப்பை ஏற்றார். 1931-ஆம் ஆண்டு செப்டம்பர் 12 முதல் டிசம்பர் 5 வரை, ஏறத்தாழ 12 வாரங்கள், கிங்ஸ்லி மன்றத்தின் மேல்தளத்துச் சிற்றறை ஒன்றே அவர் இருப்பிடமாயிற்று. நாள்தோறும் நெடுந்தொலைவு சென்று மாநாட்டில் கலந்துகொண்டு, இரவில் ‘போ’விற்கே திரும்புவார். வைகறை வழிபாட்டிற்குப் பின் அத்தெருக்களில் நடப்பார்.

வானொலியில் பேசும் நான் இன்னொரு செய்தியையும் சொல்லாமல் விடலாகாது. செப்டம்பர் 13-ஆம் நாள் அமெரிக்க மக்களுக்குக் காந்தியடிகள் வானொலி உரை நிகழ்த்தியது அம்மன்றத்திலிருந்துதான். ஒலிவாங்கியைக் கண்டு, இதற்குள்ளா நான் பேச வேண்டும் என்று அவர் வினவ, அவ்வினாவே முதலில் கடல் கடந்து அமெரிக்கர் செவிக்கு எட்டிவிட்டதாம்!

மாநாட்டில் அரசியல் வெற்றி எதுவும் கிட்டவில்லை. ஆனால் அத்தெருப் பிள்ளைகள் அவரை ‘அங்கிள் காந்தி’ என்று அழைத்து, அவர் பின்னே ஓடினார்கள். அக்டோபர் 2 அவருடைய 62-ஆம் வயது நிறைந்த நாள். குழந்தைகள் இல்லத்துச் சிறார் அவருக்குப் பரிசளித்தனர்: கம்பளியால் ஆன நாய்ப் பொம்மைகள், இளஞ்சிவப்பு மெழுகுவத்திகள், ஒரு தகரத்தட்டு, ஒரு நீலப் பென்சில், சில மிட்டாய்கள். காந்தியடிகள் அவற்றைப் பேணி வைத்திருந்து, தாயகத்திற்கும் கொண்டு வந்தார். லண்டனிலேயே வறுமை மிகுந்த தெருக்களின் பிள்ளைகள் அவர்கள். பிறர் கொடுக்க வாங்கியே பழகியவர்கள் என்று உலகம் எண்ணக்கூடியவர்கள். அவர்கள் அன்று கொடுப்பவர்களாக நின்றார்கள். அம்மன்றம் பதினாறு ஆண்டுகளில் சாதித்தவற்றுள் இதனை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இத்தகைய ஓர் இல்லத்தால் மாநகரத்தின் வறுமை ஒழிந்துவிடுமா என்று உங்களில் சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஒழியாது. மியூரியல் அம்மையாரும் அதனை அறிந்திருந்தார். அதனால்தான் அவர் வட்டார நகராட்சியில் உறுப்பினராகி, தாய் சேய் நலப் பணிக்கு உழைத்தார். குடிநீரும் குடியிருப்பும் மருத்துவமும் அரசும் நகராட்சியும் செய்து தர வேண்டியவை. அன்பு இல்லங்கள் அவற்றிற்கு மாற்றாக மாட்டா. ஆனால், உரிமையைக் கேட்க நாவெழ வேண்டுமானால், தன்னை மதிக்கும் நான்கு பேர் நடுவே ஒருவன் நின்று பழகியிருத்தல் வேண்டும். அந்தப் பழக்கத்தைத் தருவது இத்தகைய இல்லம்.

மியூரியல் அம்மையார் 1968-ஆம் ஆண்டில் மறைந்தார். மன்றக் கட்டடம் இடையில் பழுதுற்றுக் கிடந்தது. 1982-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘காந்தி’ திரைப்படத்தின் காட்சிகள் அங்கே எடுக்கப்பட்டதை ஒட்டி, அது புதுப்பிக்கப்பெற்று, மீண்டும் மக்கள் மன்றமாயிற்று. குழந்தைகள் இல்லமும் மழலையர் பள்ளியாகத் தொடர்கிறது.

என் மாணவனின் கதையை நான் முடிக்கவில்லை. அவன் வீட்டிலிருந்து திரும்பிய நான் இரண்டு நாள் சிந்தித்தேன். மீண்டும் சென்று, “தம்பி, ஆறாம் வகுப்புப் பையன்கள் கணக்கில் திணறுகிறார்கள். மாலையில் சொல்லித்தர எனக்கு ஓர் ஆள் வேண்டும். நீ வருவாயா?” என்று கேட்டேன். மறுநாள் மாலை வந்தான். அடுத்த நாள் காலையிலும் வந்தான். புதுச்சட்டையை அவன் எப்போது அணிந்தான் என்பதை நான் கவனிக்கவில்லை. கவனிக்கக் கூடாது என்று உறுதி செய்துகொண்டேன்.

நீங்கள் படித்து முடித்து, நாளை ஊருக்கு உதவும் நிலைக்கு வருவீர்கள். அப்போது, ஒருவருக்கு என்ன கொடுக்கலாம் என்று எண்ணுவதோடு, அவரிடமிருந்து நாம் பெறக்கூடியது என்ன என்றும் எண்ணிப் பாருங்கள். அவர் தெருவில் சற்று நடந்து பாருங்கள். கூடுமானால் அங்கே அமர்ந்தும் பாருங்கள்.