காற்றின் சராசரியும் மக்களின் பங்கும்

(உரையின் வாசகம்)

ஒரு நாட்டின் காற்று தூய்மையடைந்து வருகிறது என்பதும், அந்நாட்டு மக்கள் அனைவரும் தூய காற்றைச் சுவாசிக்கின்றனர் என்பதும் ஒன்றல்ல. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அனுபவம் இவ்வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துக்காட்டுகிறது.

1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் அங்குப் பெரும் பயனளித்தது. ஆலைப் புகையும் வாகனப் புகையும் கணிசமாகக் குறைந்தன. ஆயினும், கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்க வழியினரும் சராசரியாக வெள்ளையரைவிட மாசு மிகுந்த காற்றையே சுவாசிக்கின்றனர். இதற்கு வறுமை மட்டுமே காரணமன்று. ஒத்த வருமானமுடைய குடும்பங்களிடையேயும் இவ்வேற்றத்தாழ்வு காணப்படுகிறது.

இதன் வேர் குடியிருப்பு வரலாற்றில் உள்ளது. 1930களில் வீட்டுக் கடனுக்கான அரசு நிறுவனம் தயாரித்த நகர வரைபடங்களில், கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பு வண்ணமிட்டு, கடனளிக்க ஏற்றவையல்ல எனக் குறிக்கப்பட்டன. நிலமதிப்புக் குறைந்த அத்தகைய பகுதிகளை ஒட்டி ஆலைகளும், பின்னர் நெடுஞ்சாலைகளும் அமைந்தன. வீட்டு வசதியில் பாகுபாடு 1968இல் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. ஆனால் 202 நகரங்களைப் பற்றி 2022இல் வெளியான ஆய்வு, சிவப்பிட்ட பகுதிகளில் 2010ஆம் ஆண்டிலும் மாசு மிகுந்திருந்ததைக் காட்டியது. சட்டம் மாறிய பின்னரும் சாலையும் ஆலையும் இடம் மாறவில்லை.

எனவே, மாசு செறிந்துள்ள இடத்திலேயே நடவடிக்கை தேவை. கலிபோர்னியாவின் மேற்கு ஓக்லந்து இதற்குச் சான்று. துறைமுகத்துக்கும் நெடுஞ்சாலைகளுக்கும் இடையே சிக்கிய பகுதி அது. 1989 நிலநடுக்கத்தில் இடிந்த நெடுஞ்சாலை, மக்களின் வற்புறுத்தலால் குடியிருப்புக்கு வெளியே மாற்றி அமைக்கப்பட்டது. துறைமுக லாரிகளுக்குக் கடும் விதிகள் வந்தபின் அவற்றின் கரிப்புகை பெரிதும் குறைந்தது. 2017ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம், மாசு மிகுந்த வட்டாரங்களுக்குத் தனித் திட்டம் வகுக்க வழிசெய்தது. இதற்கு மாறாக, சுற்றுச்சூழல் நீதி குறித்த 1994ஆம் ஆண்டின் மத்திய அரசு ஆணை 2025இல் ரத்தாயிற்று. ஆணையால் மட்டும் வந்த பயன் ஆணையோடு போய்விடக்கூடும் என்பது இதன் பாடம்.

இந்தியாவில் 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டம் நகரங்களுக்கு இலக்கு வகுத்தது. நகரின் சராசரி குறைந்தால் இலக்கு நிறைவேறலாம். குப்பை மேட்டருகிலும் ஆலை வாயிலிலும் வாழ்வோரின் மூச்சு மாறாமலிருக்கலாம். அளவிடும் கருவி எங்கே நிறுவப்படுகிறது என்பதிலேயே நீதி தொடங்குகிறது.