படமாளிகையும் பாட்டாளியும்
(தோட்ட மக்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



வாரம் முழுவதும் பால்மரத்தோடு பாடுபடும் நமக்கு நெடுங்காலம் களைப்பாற்றும் இடமாக விளங்கியது பட்டணத்துப் படமாளிகை. சம்பளம் வாங்கியபின் குடும்பத்தோடு சென்று படம் பார்த்துத் திரும்புவது தோட்ட வாழ்வில் ஒரு திருநாளாகவே இருந்தது. அப்படமாளிகைகள் எவ்வாறு வளர்ந்தன, அவற்றில் உழைப்பாளியின் நிலை யாது என்பதை இன்று நாம் சிறிது சிந்திப்போம்.

1920-களில் ஷாங்ஹாயிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தவர் ரன்மீ ஷா. அவரைத் தொடர்ந்து தம்பி ரன் ரன் ஷாவும் வந்து சேர்ந்தார். பட்டணங்களில் படமாளிகைகளை நிறுவியதோடு இவர்கள் நின்றுவிடவில்லை. படமாளிகை இல்லாத ஊர்களுக்குக் கருவிகளை வண்டியில் ஏற்றிச் சென்று, திறந்த வெளியில் திரை கட்டியும் படம் காட்டினர். லோக் வான் தோ நடத்திய கேத்தே நிறுவனமோ 1939-இல் சிங்கப்பூரில் குளிர்சாதன வசதியுடன் ஒரு பெரிய படமாளிகையைத் திறந்தது.

இவ்விரு நிறுவனங்களும் வளர்ந்த முறை கவனிக்கத்தக்கது. படம் எடுப்பது, ஊர்தோறும் அனுப்புவது, திரையிட்டுக் காட்டுவது ஆகிய மூன்றும் காலப்போக்கில் ஒரே கையில் சேர்ந்தன. நுழைவுச் சீட்டுக்குக் கொடுத்த காசு எந்த ஊரில் விழுந்தாலும் ஒரே கல்லாவை நோக்கிச் சென்றது. மரமும் ஆலையும் குடியிருக்கும் லயமும் ஒரே கம்பெனிக்கு உரியவையாய் இருக்கக் கண்ட நமக்கு இது விளங்காத செய்தி அன்று.

இத்தொழிலில் நம்மவர் பங்கும் சிறிதன்று. 1934-இல் ‘லைலா மஜ்னூன்’ என்னும் மலாய்ப் படத்தைச் சிங்கப்பூரில் இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. எஸ். ராஜ்ஹான்ஸ். போருக்குப் பின் ஷா சகோதரர்கள் ஜாலான் அம்பாஸில் படப்பிடிப்பு நிலையம் நடத்தினர். அங்கே 1950-இல் வெளிவந்த ‘பக்தி’ என்னும் மலாய்ப் படத்தில்தான் பி. ராம்லி முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்தார். அதை இயக்கியவர் சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன். முதலீடு சீனருடையது, இயக்கம் இந்தியருடையது, நடிப்பு மலாய்க்காரருடையது. மூவினத்தார் கூடி ஆக்கிய கலை இது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும்.

திரையில் மின்னியவர்களும் கூலிக்கு உழைத்தவர்களே. 1957-இல் அந்நிலையத்தின் கலைஞர்கள் ஊதிய உயர்வு வேண்டி வேலைநிறுத்தத்தில் இறங்கினர். புகழ் வேறு, வயிற்றுப்பாடு வேறு என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாக ஒன்றுபட்ட நமக்கு அவர்களுடைய நோக்கத்தைப் புரிந்துகொள்வது கடினமன்று.

1963-இல் தொலைக்காட்சி வந்தது. 1967-இல் ஜாலான் அம்பாஸ் நிலையம் மூடப்பட்டது. பின்னர் ஒளிநாடா வீடுகளில் புகுந்தது. சிறு பட்டணங்களின் படமாளிகைகள் ஒவ்வொன்றாய் விளக்கணைத்தன. 2025-இல் சிங்கப்பூரில் கேத்தே பெயரில் எஞ்சியிருந்த படமாளிகைகளும் மூடப்பட்டன. எவ்வளவு பெரிய நிறுவனமாயினும், மக்கள் வருவது நின்றால் அதுவும் நின்றுவிடும். ஆகவே, பார்வையாளராகிய நாம் வலிமையற்றவர் அல்லர்.

இன்று பெரும்பாலான படமாளிகைகள் பேரங்காடிகளுக்குள் இருக்கின்றன. ஒரு குடும்பம் சென்றுவரச் சீட்டு, வண்டிச் செலவு, தின்பண்டம் எனப் பல வெள்ளி கரைகின்றது. வீட்டிலோ ஆளுக்கொரு கைப்பேசியில் தனித்தனியே படம் பார்க்கின்றோம். பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து சிரித்த சிரிப்பும், படம் முடிந்து பேசிக்கொண்டே நடந்த நடையும் குறைந்துவிட்டன. நாம் இழந்தது கட்டடத்தை மட்டுமன்று. கூடியிருக்கும் பழக்கத்தையும் இழந்து வருகின்றோம்.

இதற்கு வழி நம் கையிலேயே உள்ளது. மாதம் ஒரு மாலை தோட்ட மண்டபத்தில் ஒன்றுகூடி, முறையான அனுமதி பெற்ற ஒரு நல்ல படத்தைப் பார்ப்போம். நம் நாட்டில் உருவாகும் படங்களுக்கும் அதில் இடமளிப்போம். அண்டை அயலிலுள்ள மலாய், சீன நண்பர்களையும் அழைப்போம். படம் முடிந்தபின் முதியோரைப் பேசச் சொல்லி, இளையோரைக் கேட்கச் செய்வோம். உழைப்பில் ஒன்றுபட்ட நாம் ஓய்விலும் ஒன்றுபடுவோமாக!